தார் காணாத சாலைகள்

சுற்றுலா நிறுவனங்களின் விளம்பரப் படங்களில் தஸ்கனி எப்போதும் ஒரே கோலத்தில்தான் வரும். அலையலையாகக் குன்றுகள், ஒரு குன்றின் தலையில் கல்வீடு, வீட்டுக்கு ஏறிப்போகும் சைப்ரஸ் மர வரிசை, நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு மண்சாலை. அதில் பத்துப் பன்னிரண்டு பேர் சிரித்தபடி சைக்கிளில் போய்க்கொண்டிருப்பார்கள். மாலையில் ஒயினும் நல்ல சாப்பாடும் காத்திருக்கிறது என்று கீழே எழுதியிருக்கும். பொய்யில்லை, காத்திருக்கத்தான் செய்யும். ஆனால் நாடெங்கும் நெடுஞ்சாலை போட்டு முடித்த இத்தாலியில் இந்தச் சாலைகளுக்கு மட்டும் தார் ஏன் வந்து சேரவில்லை, அந்தக் கல்வீடு எப்படி விடுதியானது என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அங்கே குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள்.

சியெனா நகரைச் சுற்றியும் அதற்கு வடக்கே கியாந்தி மலைப்பகுதியிலும் இந்தச் சாலைகள் பின்னிக்கிடக்கின்றன. ஸ்த்ராதே பியாங்கே, அதாவது வெள்ளைச் சாலைகள் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். அந்த மண்ணிலேயே கிடைக்கும் சுண்ணாம்புக் கல்லை உடைத்துக் கொட்டி இறுக்கியதால் வந்த வெண்மை. கோடையில் ஒரு வண்டி போனால் அரைப் பர்லாங்குக்குப் புழுதி எழும். சரிவுகளில் வண்டிச் சக்கரங்கள் உதறி உதறி உண்டாக்கிய வரிப்பள்ளங்கள் இருக்கும். சைக்கிளில் அதன்மேல் இறங்கினால் கைமுட்டி வரை அதிரும்.

பழைய சாலைகள்தான். சியெனாவின் நகர மண்டபத்தில் அம்ப்ரோஜியோ லொரென்செத்தி 1338, 1339-ஆம் ஆண்டுகளில் தீட்டிய பெரிய சுவரோவியம் ஒன்று இருக்கிறது. நல்லாட்சி நடந்தால் நகரமும் நாட்டுப்புறமும் எப்படி இருக்கும் என்பதை ஆட்சியாளர்கள் கண்முன்னே நிறுத்துவதற்காக வரைந்தது. கோட்டை வாசலிலிருந்து சாலை வளைந்து இறங்குகிறது. கழுதைகள் மூட்டை சுமந்து வருகின்றன, வேட்டைக்குப் புறப்பட்ட பணக்காரர்கள் குதிரையில் வெளியே போகிறார்கள், எதிரே ஒரு குடியானவன் கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கறுப்புப் பன்றி ஒன்றை நகரத்துக்குள் ஓட்டி வருகிறான். அந்தப் பன்றி இனம் இன்றும் சியெனாவில் உண்டு, அதன் இறைச்சிக்குத் தனி விலை. ஆனால் ஓவியத்தில் கவனிக்க வேண்டியது வேறு. வெளியே போகிறவர்கள் உல்லாசத்துக்குப் போகிறார்கள், உள்ளே வருகிறவர்கள் விளைச்சலோடு வருகிறார்கள். அடுத்த ஆறு நூற்றாண்டுக்கும் இந்த ஏற்பாடு பெரிதாக மாறவில்லை.

அந்த ஏற்பாட்டின் பெயர் மெத்ஸாத்ரியா. நம் ஊர் வாரச் சாகுபடிக்கு நெருங்கிய உறவு. நிலமும் வீடும் பண்ணையாருடையது, உழைப்பு குடியானவக் குடும்பத்தினுடையது, விளைச்சலில் பாதிக்குப் பாதி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு நிலம், அதன் நடுவில் ஒரு வீடு. திராட்சை, ஒலிவம், கோதுமை, கொஞ்சம் காய்கறி, இரண்டு உழவு மாடு எல்லாம் அந்தத் துண்டுக்குள். பல துண்டுகளுக்குச் சேர்த்து ஒரு காரியஸ்தர் கணக்குப் பார்ப்பார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிட்டால் குடும்பம் சட்டிபானையோடு வெளியேற வேண்டியதுதான். வீட்டில் கல்யாணம் என்றாலும் பண்ணையாரின் சம்மதம் கேட்க வேண்டியிருந்தது. ஆள்பலம் கூடுவதும் குறைவதும் அவர் கணக்கில் சேர்ந்த விஷயம் அல்லவா!

குன்றுக்கு ஒரு வீடாகச் சிதறிக் கிடக்கும் தஸ்கனியின் அழகு இப்படி வந்ததுதான். வேலை செய்கிறவன் வேலைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதற்காகக் கட்டிய வீடுகள் அவை. அந்த வீடுகளைப் பண்ணையாரின் களஞ்சியத்தோடும் கோயிலோடும் ஆலையோடும் இணைக்கப் போட்டவையே வெள்ளைச் சாலைகள். வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால் கணக்கு இன்னும் தெளிவாகும். கீழ்த்தளம் முழுக்கத் தொழுவம், மேல்தளத்தில் குடும்பம். வெளிப்புறமாக ஒரு கல் படிக்கட்டு. கீழே கட்டிய மாடுகளின் உடற்சூடு குளிர்காலத்தில் மேலே ஏறி வரும் என்பது ஒரு வசதி, சாண வாடையும் கூடவே ஏறி வரும் என்பது இன்னொன்று. மேலே பெரிய அடுப்படி, அதைச் சுற்றி மூன்று தலைமுறை. முற்றத்தில் செங்கல் பாவிய நெற்களம் மாதிரி ஒரு கோதுமைக் களம்.

சைக்கிள் இந்த உலகத்துக்குள் வந்தபோது குடியானவனுக்காக வரவில்லை. 1870 ஜனவரியில் ஃப்ளாரன்ஸ் நகரத்தின் வசதிபடைத்த இளைஞர்கள் சேர்ந்து ஒரு சைக்கிள் சங்கம் தொடங்கினார்கள். பிப்ரவரி 2-ஆம் தேதி ஃப்ளாரன்ஸிலிருந்து பிஸ்தோயா வரை பந்தயம் நடத்திவிட்டார்கள். சுமார் 33 கிலோமீட்டர். முன்சக்கரத்திலேயே மிதிகட்டை பொருத்திய, எலும்பை உலுக்கும் வண்டிகள். வென்றவர் ரின்னர் வான் ஹெஸ்தே என்ற பதினேழு வயது அமெரிக்க இளைஞர். தஸ்கனியின் முதல் பந்தயத்திலேயே கோப்பையை ஒரு வெளிநாட்டுக்காரர் தூக்கிக்கொண்டு போனார்.

கூட்டமாகச் சேர்ந்து சைக்கிளில் ஊர் சுற்றும் வழக்கத்துக்கு அடித்தளம் போட்டது மிலான் நகரம். 1894 நவம்பர் 8 அன்று 57 சைக்கிள்காரர்கள் கூடி இத்தாலிய சைக்கிள் சுற்றுலாக் கழகத்தைத் தொடங்கினார்கள். ஃபெதெரிகோ ஜான்சன் தலைவர், லுயிஜி வித்தோரியோ பெர்தரெல்லி அதன் ஓயாத உழைப்பாளி. இன்று தூரிங் கிளப் இத்தாலியானோ என்ற பெயரில் வரைபடங்களும் வழிகாட்டி நூல்களும் வெளியிடும் அதே அமைப்புதான். சந்திப்புகளில் ஊர்ப்பெயரும் தூரமும் எழுதிய பலகைகளை முதலில் நட்டவர்கள் இவர்கள். நல்ல சாலை வேண்டும் என்று அரசை நச்சரித்தவர்களும் இவர்களே. 1906 முதல் நாடு முழுவதற்கும் இரண்டரை லட்சத்தில் ஒன்று என்ற அளவில் வரைபடம் போட ஆரம்பித்தார்கள். பின்னால் வந்த மோட்டார்காரர்கள் எல்லாவற்றையும் சொந்தமாக்கிக்கொண்டார்கள். சைக்கிள்காரன் காசு போட்டு நட்ட பலகையைப் பார்த்துத்தான் கார்க்காரன் வழி கண்டுபிடித்தான்.

அரசுக்கோ சைக்கிளைக் கண்டால் கொஞ்சம் ஆசை, கொஞ்சம் பயம். 1897-இல் சைக்கிளுக்கு ஆண்டுக்கு 10 லீரா வரி போட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் மிலானில் ரொட்டி விலை ஏறி மக்கள் தெருவுக்கு வந்தபோது, தளபதி பவா பெக்காரிஸ் கூட்டத்தின் மீது பீரங்கியால் சுட்டதோடு நிற்காமல், நகரத்தில் சைக்கிள் ஓட்டவும் தடை போட்டார். கலகச் செய்தி காற்றாய்ப் பறக்கும் என்பது அவர் கணக்கு. தவறான கணக்கு என்று சொல்ல முடியாது. அதற்குள் சைக்கிள் தொழிலாளியின் கைக்கு வந்துவிட்டிருந்தது.

1909 மே 13 விடியலுக்கு முன்னால் மிலானிலிருந்து கிளம்பிய முதல் ஜீரோ தித்தாலியா பந்தயத்தை வென்ற லுயிஜி கான்னா ஒரு கொத்தனார். வேலைக்குப் போக வரச் சைக்கிள் மிதித்து மிதித்தே உரமேறிய கால்கள் அவருடையவை. லா காஸெத்தா தெல்லோ ஸ்போர்ட் என்ற விளையாட்டுப் பத்திரிகை, போட்டிப் பத்திரிகை முந்திக்கொள்ளக் கூடாதே என்று அவசரமாக அறிவித்த பந்தயம் அது. எட்டுக் கட்டம், 2,448 கிலோமீட்டர். 127 பேர் கிளம்பினார்கள், 49 பேர் திரும்பினார்கள். அப்போது வெள்ளைச் சாலை என்று தனியாக எதுவும் கிடையாது. சாலை என்றாலே புழுதிதான், மழை பெய்தால் சேறுதான். வெற்றியைப் பற்றிக் கேட்டபோது, பின்புறம் எரிகிறது என்று கான்னா சொன்னாராம். இத்தாலிய விளையாட்டு எழுத்தாளர்கள் நூறு ஆண்டு தாண்டியும் அந்தப் பதிலை மறக்கவில்லை.

அன்றைய வண்டியில் ஏற்றம் ஏறுவது எப்படி என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில் பல்சக்கரம் இருக்கும். மேடு வந்ததும் வீரர் இறங்குவார். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு இறக்கைத் திருகாணிகளையும் கையால் கழற்றுவார். சக்கரத்தை உருவி, பக்கம் மாற்றி மாட்டி, செயினைப் பின்னுக்கு இழுத்து விறைப்புப் பார்த்து, மறுபடி முடுக்கி ஏறுவார். இறக்கம் வந்தால் அதே வேலை தலைகீழாக. 1927 நவம்பரில் க்ரோச்சே தாவுனே என்ற மலைக்கணவாயில் பனி கொட்டிக்கொண்டிருக்க, விரல் மரத்துப்போய்த் திருகாணியைக் கழற்ற முடியாமல் ஒருவர் பந்தயத்தைக் கோட்டைவிட்டார் என்று கதை சொல்வார்கள். அவர் பெயர் துல்லியோ கம்பன்யோலோ. ஒரு நெம்பைத் திருப்பினால் சக்கரம் கழன்று வரும் ஏற்பாட்டை அவர் 1930-இல் உருவாக்கினார். 1933-இல் விச்சென்ஸாவில் தொடங்கிய அவருடைய நிறுவனம் இன்றும் பந்தய சைக்கிள் பாகங்கள் செய்கிறது.

தஸ்கனியின் சொந்தப் பிள்ளை என்றால் ஜீனோ பார்த்தலி. ஃப்ளாரன்ஸை ஒட்டிய போந்தே ஆ எமா என்ற ஊரில் 1914-இல் பிறந்தவர். ஜீரோவை மூன்று முறையும் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தை 1938, 1948 என இருமுறையும் வென்றவர். ஜெர்மானியப் படை இத்தாலியைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், யூதர்களைக் காப்பாற்றுவதற்கான போலி ஆவணங்களைச் சைக்கிள் குழாய்க்குள் சுருட்டி வைத்து, ஃப்ளாரன்ஸுக்கும் அசீசிக்கும் இடையே பயிற்சி என்ற பெயரில் ஓட்டினார் என்பது வரலாறு. சில விவரங்களில் ஆய்வாளர்களுக்குள் விவாதம் உண்டு. ஆனாலும் 2013-இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் யூதரைக் காத்த நல்லோர் பட்டியலில் அவரைச் சேர்த்தது. பார்த்தலி உயிரோடு இருந்தவரை இதைப் பற்றிப் பெரிதாக வாய் திறந்ததில்லை. 2000-இல் இறந்தார்.

போர் முடிந்தது. வாரதாரர்கள் சும்மா இருக்கவில்லை. போராட்டங்களின் பலனாக 1947-இல் அவர்கள் பங்கு 53 சதவீதமானது. நூற்றாண்டுகளாக ஐம்பதில் நின்றது மூன்று புள்ளி நகர்ந்தது. அதற்குள் இளையவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. பொந்தெதேராவில் பியாஜ்ஜோ 1946 முதல் வெஸ்பா ஸ்கூட்டர் தயாரித்துக்கொண்டிருந்தது, பிராத்தோவின் துணி ஆலைகள் ஆள் தேடின. மாதச் சம்பளம், தண்ணீர்க் குழாய், மின்விளக்கு, சொந்த முடிவில் கல்யாணம். இவை ஒரு பக்கம், தொழுவத்துக்கு மேல் வாழ்க்கை மறுபக்கம். யார்தான் யோசிப்பார்கள்?

1964-ஆம் ஆண்டின் இரண்டு தேதிகள் இந்தக் கதையின் முடிச்சு. செப்டம்பர் 15 அன்று வந்த சட்டம் புதிதாக வார ஒப்பந்தம் எழுதுவதைத் தடை செய்தது. மூன்று வாரம் முடிவதற்குள், அக்டோபர் 4 அன்று, மிலானையும் நேப்பிள்ஸையும் இணைக்கும் சூரிய நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. இத்தாலியின் பணமும் தாரும் கான்கிரீட்டும் அந்தப் பக்கம் போயின. கியாந்திக் குன்றுகளில் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. கூரை ஓடு சரிந்தது, களத்தில் முள் முளைத்தது. ஆளில்லாத வீட்டுக்குப் போகும் சாலைக்கு யார் தார் போடுவார்கள்? சாலைகள் வெள்ளையாகவே மிஞ்சின. திட்டம் போட்டு யாரும் காப்பாற்றவில்லை. கைவிட்டதால் பிழைத்தவை அவை.

பிறகு வந்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். ஆங்கிலேயர்களும் ஜெர்மானியர்களும் இடிந்த வீடுகளை மலிவாக வாங்கிப் புதுப்பித்தார்கள். ஆங்கிலேயர் கூட்டம் பெருத்துப்போய், கியாந்தியைக் கியாந்திஷயர் என்று இங்கிலாந்தின் ஒரு மாவட்டம் போலக் கேலியாகச் சொல்லும் வழக்கமே வந்தது. 1985-இல் பண்ணை வீடுகளில் விருந்தினரைத் தங்கவைப்பதற்கென்று நாடு தழுவிய சட்டம் ஒன்று வந்தபின், மிஞ்சியிருந்த விவசாயிகளுக்கும் அது ஒரு வருமானமானது. தொழுவத்தின் செங்கல் வளைவுகளுக்குக் கீழே இப்போது காலைச் சிற்றுண்டி மேசை. கோதுமை அடித்த களத்தில் வாடகைச் சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. பக்கத்தில் நீச்சல் குளம்.

கியாந்தியின் கயோலே என்ற ஊரைச் சேர்ந்த ஜான்கார்லோ ப்ரோச்சிக்கு இரண்டு ஆதங்கங்கள். ஒன்று, சைக்கிள் பந்தயம் தன் பழைய நாட்களை மறந்துவிட்டது. இரண்டு, மிஞ்சிய வெள்ளைச் சாலைகளுக்கும் ஒவ்வொன்றாகத் தார் வருகிறது. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி 1997-இல் லெரோயிகா என்ற பயணத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டு வந்தவர்கள் 92 பேர். இன்று அக்டோபர் முதல் ஞாயிறன்று, மூவாயிரம் பேர்கூட வசிக்காத கயோலே இன் கியாந்தியில் பல ஆயிரம் பேர் வந்து இறங்குகிறார்கள்.

விதிகள் கறாரானவை. வண்டி 1987-க்கு முந்தைய இரும்புச் சட்டகமாக இருக்க வேண்டும். கியர் மாற்றும் நெம்பு ஹேண்டில்பாரில் கூடாது, சட்டகத்தின் சாய்குழாயில் இருக்க வேண்டும். பிரேக் ஒயர் வெளியே வளைந்து தெரிய வேண்டும். பெடலில் வார்ப்பட்டை வேண்டும். மேலுக்குக் கம்பளி பனியன். வழியில் சாவடிகளில் அட்டையில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். யார் முதலில் வந்தார் என்று யாரும் குறிப்பதில்லை. லூசியானோ பெருத்தி என்ற முதியவர் ஆண்டுதோறும் 1907-ஆம் வருடத்துப் பெஜோ சைக்கிளில், சுருள் மீசையும் பழங்கால உடையுமாக வருவார். லெரோயிகா என்றால் அவர் முகம் என்றே ஆகிவிட்டது. லிகூரியாவில் சொந்தமாக ஒரு சைக்கிள் அருங்காட்சியகம் வைத்திருந்த அவர், 2017-இல் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே காலமானார்.

மிக நீண்ட வழி 209 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ பாதி மண்சாலை. அதை எடுப்பவர்கள் இருட்டிலேயே கிளம்ப வேண்டும், முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். முதல் ஏற்றம் ப்ரோலியோ கோட்டைக்கு. சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே சாலையோரம் தீபங்கள் வைத்திருப்பார்கள். கியாந்தி ஒயினுக்கு 19-ஆம் நூற்றாண்டில் இலக்கணம் வகுத்த பெத்தினோ ரிகாசோலி பிரபுவின் கோட்டை அது. அவர் குடும்பத்துக்கு வாரத்தில் உழுதவர்களின் வீடுகள் சுற்றிலும் இருக்கின்றன. பிறகு சியெனா, மொந்தால்சினோ, களிமண் குன்றுகளான க்ரேதே செனேசி, அஷானோ, ராதா என்று சுற்றிக்கொண்டு கயோலேக்குத் திரும்ப இரவாகிவிடும்.

வழியில் கொடுக்கும் சாப்பாடு இந்தப் பயணத்தின் உயிர். சக்தி தரும் பொட்டலங்கள் கிடையாது. ரிபொல்லீத்தா என்றொரு கஞ்சி தருவார்கள். காய்ந்த ரொட்டி, வெள்ளை மொச்சை, கருங்கீரை எல்லாம் சேர்த்து வேகவைத்து, மறுநாள் மறுபடி கொதிக்கவைப்பது. உப்பில்லாத தஸ்கனி ரொட்டியின் மேல் சிவப்பு ஒயினை ஊற்றிச் சர்க்கரை தூவிக் கொடுப்பார்கள். குடியானவ வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் மாலைத் தின்பண்டம் அதுதான், வேறெதுவும் இல்லாததால். இன்று பணம் கட்டி வந்தவர்கள் வரிசையில் நின்று அதை வாங்கிச் சப்புக்கொட்டுகிறார்கள். இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் தட்டில் வைத்துக் கொடுக்கும் ஊர்ப் பெண்களில் பலருக்கு அந்தப் பழைய அடுப்படி நினைவிருக்கிறது. கொடுப்பதில் அவர்களுக்கு ஒரு பெருமையும் இருக்கிறது.

தொழில்முறை வீரர்கள் பின்னால்தான் வந்தார்கள். 2007 அக்டோபரில் தொடங்கி, அடுத்த ஆண்டே மார்ச்சுக்கு மாறிய ஸ்த்ராதே பியாங்கே பந்தயம் இன்று உலகப் பந்தயங்களில் முன்வரிசையில் நிற்கிறது. முதல் ஆண்டு ரஷ்யாவின் அலெக்சாந்தர் கொலோப்னேவ் வென்றார். மூன்று முறை வென்ற சுவிஸ் வீரர் ஃபாபியான் கான்செல்லாராவின் பெயரை மோந்தே சாந்தே மரியே என்ற 11.5 கிலோமீட்டர் மண்சாலைக்கு வைத்தார்கள். அதே சாலையில்தான் 2024-இல் ததேய் பொகாச்சார் முடிவுக்கோட்டுக்கு 81 கிலோமீட்டர் முன்பே எல்லோரையும் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பி வென்றார். பெண்களுக்கான பந்தயம் 2015-இல் தொடங்கியது. பந்தயம் முடியும் காம்போ சதுக்கத்தில்தான் சியெனாவின் நகர மண்டபம் இருக்கிறது. லொரென்செத்தியின் பன்றிக்காரன் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தால், தன் சாலையிலிருந்து புழுதி அப்பிய முகங்களோடு ஏறி வருகிறவர்களைப் பார்க்கலாம்.

சேறு அப்பினால் எப்படியிருக்கும் என்பதை 2010 மே 15 காட்டியது. மொந்தால்சினோவில் முடிந்த ஜீரோ கட்டத்தில் கொட்டும் மழை. வெள்ளைச் சாலை சாம்பல் நிறக் குழம்பாகிவிட்டது. உலகச் சாம்பியனின் வானவில் பனியனில் ஓடி வென்ற ஆஸ்திரேலியாவின் கேடல் எவன்ஸை, பனியனை வைத்து அடையாளம் காண்பதே கடினமாக இருந்தது. கான்னாவின் காலத்துப் படங்களை அருகில் வைத்தால் ஒரு நூற்றாண்டு இடைவெளி தெரியாது.

இந்தப் பெயரெல்லாம் பரவியபின் குழுப் பயணம் ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. காலை ஒன்பது மணிக்குப் பண்ணை வீட்டிலிருந்து கிளம்பி, வழிகாட்டி முன்னே, பெட்டிகளும் பஞ்சர் சாமான்களும் ஏற்றிய வேன் பின்னே, நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி, நடுவில் ஓர் ஒயின் பண்ணையில் நின்று, மாலைக்குள் அடுத்த ஊர் சேர்வது வழக்கமான நாள். மேடுகள் விடாமல் வரும் நாடு என்பதால் மின்கலச் சைக்கிள்களின் வரத்து அதிகம். பழைய வண்டிக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்க ஒன்றுமில்லை. முழங்கால் தேய்ந்த ஒருவர் ப்ரோலியோ ஏற்றத்தை ஏறிப் பார்ப்பது நல்ல விஷயம்தான். குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒயினின் வயதையும் கோட்டையின் வயதையும் ஒப்பிக்கும் வழிகாட்டிகளில் பலர், படுத்துறங்கிய வீடு யாருடையது என்று மட்டும் சொல்வதில்லை.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லெரோயிகா நாளில் இடம் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். அதன் வழித்தடம் முழுவதும் நிரந்தர வழிகாட்டிப் பலகைகள் நட்டிருக்கிறார்கள். ஆண்டின் எந்த நாளும், எந்தச் சைக்கிளிலும் ஓட்டலாம். ஏப்ரல், மே, செப்டம்பர் மாதங்கள் தோதானவை. ஜூலை, ஆகஸ்டில் நிழலும் தண்ணீரும் அரிது. களிமண் பகுதியில் மழை பெய்த மறுநாள் இறங்காதீர்கள், சக்கரம் சுற்றாது. அகலமான டயர் போட்டுக்கொள்ளுங்கள். தங்கும் வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால், மாடு எங்கே கட்டியிருந்தார்கள் என்று கேளுங்கள்.